வயிற்றுக்குள் வைக்கிற துணிக்குழாய்: கசியாதா, மக்காதா, பட்டில் ஏன் செய்வதில்லை?

பாலக்கோடு பக்கத்தில் பட்டுப்புழு வளர்க்கிற தம்பி ஒருவர் கேட்டிருக்கிறார். அவருடைய அப்பாவுக்கு 68 வயது. வேறு எதற்கோ எடுத்த ஸ்கேனில், வயிற்றுக்குள் இறங்கும் பெரிய ரத்தக்குழாய் (பெருந்தமனி) 5.8 செ.மீ. அளவுக்குப் புடைத்திருப்பது தெரியவந்திருக்கிறது. பெங்களூரில் பார்த்த டாக்டர், "அந்த இடத்தில் துணிக்குழாய் வைத்துத் தைக்கணும்" என்றாராம். தம்பிக்குத் தூக்கம் போய்விட்டது. துணி என்றால் ரத்தம் கசியாதா? உள்ளேயே மக்கிப் போகாதா? அப்படித் துணிதான் வைப்பார்கள் என்றால் பட்டில் வைக்கலாமே, நம் வீட்டில் விளைகிற சரக்காச்சே? இவைதான் அவர் கேள்விகள்.

நான் டாக்டர் இல்லை. காவேரிப்பட்டணத்துக்காரன். துணி நுட்பம் படித்துவிட்டு, மருத்துவத் துணி செய்கிற ஓர் ஆலையின் தரப் பரிசோதனைக் கூடத்தில் இருபது வருஷம் ஓட்டியவன். அப்பாவுக்கு எந்த வைத்தியம் சரி என்று அவரைத் தொட்டுப் பார்த்த டாக்டர்தான் சொல்ல வேண்டும். துணியைப் பற்றிக் கேட்டீர்கள், அதைச் சொல்கிறேன்.

பட்டில் இருந்தே ஆரம்பிக்கிறேன் தம்பி, ஏனென்றால் இந்த வேலையே பட்டு நூலில் தொடங்கியதுதான். 1947-ல் நியூயார்க்கின் கொலம்பியா பல்கலைக்கழகத்தில் ஆர்தர் வூர்ஹீஸ் என்ற இளம் மருத்துவர் நாய்களுக்கு இதய அறுவை செய்து பழகிக்கொண்டிருந்தார். ஒரு நாயின் இதயத்தில் பட்டு நூல் தையல் ஒன்று இடம் தவறி, இதய அறைக்குள்ளேயே குறுக்கே நின்றுவிட்டது. சில மாதம் கழித்துத் திறந்து பார்த்தால், அந்த நூல்மேல் இதயத்தின் உள்தோல் போலவே பளபளவென்று ஒரு படலம் படர்ந்திருந்தது. ஒற்றை நூலையே உடம்பு இப்படிப் போர்த்துகிறது என்றால், நூலால் நெய்த துணியையும் போர்த்தாதா? ஒரு பட்டுக் கைக்குட்டையைக் குழாயாகத் தைத்து நாயின் பெருந்தமனியில் வைத்துப் பார்த்தார். அது நீடிக்கவில்லை. ஆனால் எண்ணம் விட்டுப்போகவில்லை. பாராசூட்டுக்குப் பயன்பட்ட வின்யான்-என் என்ற செயற்கைத் துணியில் குழாய் தைத்து நாய்களில் வெற்றி கண்டு, சகாக்களோடு 1952-ல் வெளியிட்டார். அடுத்த இரண்டு வருஷத்துக்குள் மனிதர்களுக்கும் வைத்துவிட்டார்கள்.

அதற்கு முன் என்ன செய்தார்கள் என்றால், இறந்தவர் உடம்பில் இருந்து எடுத்த ரத்தக்குழாயை வைத்தார்கள். உங்கள் அப்பாவுக்கு இருப்பதைப் போன்ற வீக்கத்தை வெட்டி எடுத்து, இறந்தவரின் குழாயைப் பொருத்தும் அறுவையை 1951-ல் பாரிஸில் ஷார்ல் துபோஸ்ட் செய்தார். ஆனால் வேண்டிய நேரத்தில், வேண்டிய அளவில், அது எங்கே கிடைக்கும்? துணி வந்ததே இந்தத் தட்டுப்பாட்டால்தான்.

அப்புறம் பட்டு ஏன் நிற்கவில்லை? பட்டு ஒரு புரதம். புழு கூடு கட்டுகிற சந்திரிகைத் தட்டில் இருந்து நீங்கள் பிரித்தெடுக்கிற கூட்டில் முக்கால் பங்கு ஃபைப்ராயின் என்ற இழை, மீதி அதை ஒட்டிப் பிடிக்கிற செரிசின் பசை. நூற்பாலையில் வெந்நீரில் போடுவது அந்தப் பசை இளகி இழை முனை கிடைக்கத்தானே. பசையோடு பட்டை உடம்புக்குள் வைத்தால் ஒவ்வாமை கிளம்பலாம். பசையை முழுக்க எடுத்தாலும், உடம்புக்கு அது புரதம்தான். மெல்ல மெல்ல அரித்துவிடும். ஒரு வருஷத்தில் வலுவில் பெரும்பகுதி போய்விடும். தோலைத் தைக்க அது போதும். பெருந்தமனி நாளைக்கு ஒரு லட்சம் தடவை அடி வாங்குகிற இடம். துணிக்குழாயைப் பட்டு நூலால் தைத்துப் பார்த்த காலமும் உண்டு. குழாய் நன்றாக இருக்கும், பட்டுத் தையல் மட்டும் வருஷங்கள் கழித்து இற்று, இணைப்பு பிரிந்து, அந்த இடத்தில் புது வீக்கம் வரும். அதனால் தையல் நூலைக்கூட மாற்றிவிட்டார்கள். இப்போது பெரும்பாலும் நீல நிறப் பாலிபுரொப்பிலின் நூல்தான்.

பட்டைக் கைவிட்டுவிட்டார்கள் என்றும் நினைக்காதீர்கள். பெரிய குழாயில் பட்டுக்கு எதிரியாக இருக்கிற அந்த அரிப்பே, நூல் அளவுச் சின்னக் குழாயில் நல்லதாகலாம் என்று ஆராய்கிறார்கள்: பட்டு கரையக் கரைய அந்த இடத்தை உடம்பின் சொந்தச் சதை பிடித்துக்கொள்ள வேண்டும். ஜப்பானில் 1.5 மி.மீ. பட்டுக்குழாயை எலியின் பெருந்தமனியில் வைத்துப் பார்த்திருக்கிறார்கள். அது ஆய்வுக்கூடத்தில்தான் இருக்கிறது, ஆஸ்பத்திரிக்கு வரவில்லை. தர்மபுரி கூடு அங்காடியின் விலைப்பலகையை அது தொடுவதற்கு இன்னும் நாளாகும்.

உங்கள் அப்பாவுக்கு வைக்கப்போவது அநேகமாகப் பாலியெஸ்டர். மருத்துவர்கள் டேக்ரான் என்பார்கள். அது ஒரு கம்பெனி வைத்த பெயர், பாராசிட்டமாலுக்குக் கடைப்பெயர் சொல்வது மாதிரி. பர்கூர் துணிக்கடைகளில் கட்டுக்கட்டாக அடுக்கி வைத்திருக்கிற பாலியெஸ்டர் சேலையும், கடையில் வாங்குகிற தண்ணீர் பாட்டிலும், இந்தக் குழாயும் அடிப்படையில் ஒரே பொருள். 1941-ல் இங்கிலாந்தில் வின்ஃபீல்டு, டிக்சன் என்ற இருவர் கண்டுபிடித்தது. ரத்தக்குழாய்க்கு அது வந்த கதை வேடிக்கையானது. அமெரிக்காவில் ஹூஸ்டன் நகரில் மைக்கேல் டிபேக்கி என்ற அறுவை நிபுணர் நைலான் துணி வாங்க ஒரு ஜவுளிக்கடைக்குப் போனார். நைலான் தீர்ந்துவிட்டது, புதிதாக டேக்ரான் வந்திருக்கிறது என்று கடைக்காரர் கொடுத்தார். வாங்கி வந்து வீட்டுத் தையல் மெஷினில் தானே குழாயாகத் தைத்தார். சின்ன வயதில் அம்மாவிடம் தையல் கற்றவர். 1954-ல் அதை நோயாளிக்கு வைத்தார். பிறகு பிலடெல்பியாவின் நெசவுக் கல்லூரிப் பேராசிரியர் தாமஸ் எட்மன் தையலே இல்லாமல் குழாயாகப் பின்னித் தரும் எந்திரத்தை உருவாக்கிக் கொடுத்தார். கடையில் அன்று நைலான் இருந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்பதுதான் எனக்குச் சுவாரசியம். நைலானும் அந்தக் காலத்தில் வைத்துப் பார்க்கப்பட்டதுதான். உடம்புக்குள் அது வலு இழக்கிறது என்று தெரிந்து ஒதுக்கினார்கள்.

2005-ன் கடைசி நாளில் டிபேக்கிக்கே பெருந்தமனி கிழிந்து, 2006-ல், தன் 97-வது வயதில், தன் மாணவர்கள் கையால் டேக்ரான் குழாய் வைத்துக்கொண்டார். அதற்குப் பிறகு இரண்டு வருஷத்துக்கு மேல் இருந்தார். அப்பாவிடம் இதைச் சொல்லுங்கள்.

இப்போது கசிவு. இதைக் கொஞ்சம் நிதானமாகச் சொல்ல வேண்டும். ஏனென்றால் நீங்கள் குறை என்று நினைக்கிற ஓட்டைதான் இந்தத் துணியின் பிழைப்பு.

துணி கசியும். கசியத்தான் செய்யும். எங்கள் பரிசோதனைக் கூடத்தில் தினம் செய்த வேலையே அதை அளப்பதுதான். துணியை ஒரு வளையத்தில் இறுக்கி, 120 மி.மீ. பாதரச அழுத்தத்தில், அதாவது சாதாரண மனிதனின் மேல் ரத்த அழுத்தத்தில், தண்ணீரை விடுவோம். ஒரு சதுர செ.மீ. துணி வழியாக ஒரு நிமிஷத்தில் எத்தனை மில்லி வெளியே வருகிறது என்பதுதான் கணக்கு. நெருக்கி நெய்த துணியில் சில நூறு மில்லியைத் தாண்டாது. பின்னல் துணியில் ஆயிரத்துக்கும் மேலே போகும். அப்படியே வைத்தால் நோயாளி மேஜையிலேயே ரத்தம் இழந்துவிடுவார்.

அதற்குப் பழைய தலைமுறை டாக்டர்கள் செய்த வேலை அழகானது. ரத்தம் உறையாமல் இருக்க மருந்து போடுவதற்கு முன்பே நோயாளியிடம் இருந்து கொஞ்சம் ரத்தம் எடுத்து, குழாயை அதில் ஊறவைத்துப் பிசைவார்கள். ரத்தம் இழைகளுக்கு நடுவே உறைந்து ஓட்டைகளை அடைத்துக்கொள்ளும். நோயாளியின் ரத்தத்தாலேயே அவர் துணிக்குப் பூச்சு. இப்போது அந்த வேலை ஆலையிலேயே முடிந்துவிடுகிறது: மாட்டில் இருந்து எடுத்த கொலாஜன் அல்லது ஜெலட்டின் பூசி, கசிவைக் கிட்டத்தட்டப் பூஜ்யமாக்கி, கிருமி நீக்கி, பெட்டியில் போட்டு அனுப்புகிறார்கள். வைத்த சில வாரங்களில் அந்தப் பூச்சு கரைந்து போகும்.

கரைந்தால் திரும்பக் கசியாதா? அங்கேதான் ஓட்டை வேலை செய்கிறது. பூச்சு கரைகிற வேகத்தில் உடம்பின் திசு வெளியில் இருந்து ஓட்டைகளுக்குள் வளர்ந்து, இழைகளைச் சுற்றிப் பிடித்துக்கொள்கிறது. ஒரு மாதம், இரண்டு மாதத்தில் குழாய் சுற்றியிருக்கிற சதையோடு ஒன்றாகிவிடும். ஓட்டையே இல்லாத பிளாஸ்டிக் குழாயில் சதைக்குப் பிடி இல்லை. உள்ளே படிகிற படலமும் ஒட்டாமல் உரிந்து ரத்தத்தோடு போய்விடும். அதனால்தான் சில குழாய்களின் மேற்பரப்பில் டர்க்கி டவல் மாதிரி குட்டிக் குட்டி வளையங்கள் விட்டுப் பின்னுகிறார்கள், சதைக்குக் கைப்பிடி கொடுக்க.

ஒரு திருத்தமும் சொல்லிவிடுகிறேன். குழாயின் உள்பக்கம் முழுக்க இயற்கையான உள்தோல் வளர்ந்துவிடும் என்று சில இடங்களில் எழுதுகிறார்கள். நாய்க்கு அது நடக்கும். மனிதனுக்குத் தையல் ஓரத்தில் இருந்து ஒன்றிரண்டு செ.மீ. வரைதான் அது வளர்கிறது. நடுவில் உறைந்த ரத்தப்புரதத்தின் மெல்லிய படலம்தான் கடைசி வரை இருக்கும். பெரிய குழாயில் ரத்தம் வேகமாக ஓடுவதால் அந்தப் படலம் தொந்தரவு செய்வதில்லை. குழாயின் விட்டம் 6 மி.மீ.க்குக் கீழே போனால் அதே படலம் அடைத்துவிடும். இதய பைபாஸுக்குத் துணி வைக்காமல், காலில் இருந்தோ நெஞ்சில் இருந்தோ குழாய் எடுத்து வைப்பது இதனால்தான். ஊரில் "காலில் நரம்பு எடுத்து வச்சாங்க" என்போமே, அது நரம்பு அல்ல, சிரை, அதாவது ரத்தத்தை இதயத்துக்குத் திருப்பிக் கொண்டுபோகிற குழாய். டயாலிசிஸுக்குக் கையில் சிலருக்கு வைக்கிற 6 மி.மீ. வெள்ளைக் குழாய் நெய்ததோ பின்னியதோ அல்ல. தோசைக்கல்லில் பூசுகிற டெஃப்லானை இழுத்து நுண்துளை விழவைத்தது. 1969-ல் பாப் கோர் கண்டுபிடித்த வழி அது.

நெய்வது, பின்னுவது என்று சொல்லிக்கொண்டே போகிறேன், அதன் வித்தியாசத்தை நீங்கள் வீட்டிலேயே பார்க்கலாம். ஒரு பழைய வேட்டியைக் கத்தரியுங்கள். ஓரத்தில் நூல் நூலாகப் பிரிந்து வரும். நெய்த குழாயும் அப்படித்தான் பிரியும். அதனால் அறுவை மருத்துவர் அதைச் சூடான மின்கத்தியால் வெட்டுவார். ஓரம் உருகி மூடிக்கொள்ளும். அடுத்து ஒரு பழைய பனியனை வெட்டி ஓரத்தை இழுங்கள். சுருண்டுகொண்டு, ஒரு கண்ணி விட்டால் வரிசையாக ஓடும். டிபேக்கி காலத்துப் பின்னல் சில இந்த ரகம்தான். கடைசியாக ஒரு பாலியெஸ்டர் கொசுவலையை வெட்டுங்கள். பிரியவும் பிரியாது, ஓடவும் ஓடாது. அதில் நீளவாக்கில் ஓடும் ஒவ்வொரு பாவு நூலும் பக்கத்து நூலோடு வளைந்து வளைந்து கண்ணி போட்டிருக்கும். ஒன்று அறுந்தாலும் மற்றவை பிடித்துக்கொள்ளும். இன்றைய பின்னல் குழாய்கள் பெரும்பாலும் அந்தக் கொசுவலைப் பின்னல்தான், கண் மட்டும் மிக நுண்ணியது. பின்னல் வளைந்து கொடுக்கும், தைக்க ஊசி சுலபமாக இறங்கும், ஆனால் வருஷங்களில் கொஞ்சம் விரியும். நெசவு விறைப்பாக இருக்கும், விரியாது. நெஞ்சுக்குள் இருக்கிற பெருந்தமனிக்கு நெசவையே பெரும்பாலும் விரும்புகிறார்கள்.

என்னிடம் பழைய மாதிரிக்குழாய் ஒன்று இருக்கிறது, பெருவிரல் பருமன். பிடித்து இழுத்தால் ஆர்மோனியத் துருத்தி போல நீளும், விட்டால் சுருங்கும். அந்தச் சுருக்கமடிப்பு அலங்காரத்துக்கு இல்லை. மடிப்பு இல்லாத குழாயை வளைத்தால் தோட்டத்து ஹோஸ் மாதிரி மடிந்து அடைத்துக்கொள்ளும்; மடிப்பு இருந்தால் எவ்வளவு வளைத்தாலும் உள்வாய் வட்டமாகவே நிற்கும். குழாயைக் கம்பியில் மாட்டி, மேலே நூல் சுற்றி, நெருக்கி, சூடேற்றினால் பாலியெஸ்டர் அந்த வடிவத்தை மறக்காது. இன்னொன்று, நீளவாக்கில் சேலைக்கரை போல ஒரு கறுப்புக் கோடு ஓடும். தைக்கும்போது குழாய் முறுக்கிக்கொள்ளவில்லை என்று டாக்டர் அந்தக் கோட்டைப் பார்த்துத்தான் உறுதி செய்துகொள்வார்.

மக்குவது பற்றி. பாலியெஸ்டர் உடம்புக்குள் மிக மெதுவாக வலு இழக்கும். நோயாளியின் ஆயுளோடு ஒப்பிட்டால் பொதுவாக அது பிரச்சினையே இல்லை. பத்து, இருபது வருஷம் அதே குழாயோடு நடமாடுகிறவர்கள் உண்டு. நான் பயப்படுவது கிருமிக்கு. துணியில் கிருமி ஏறிவிட்டால் மாத்திரையால் முழுக்கக் கழுவ முடியாது. அரிதாகத்தான் நடக்கும், நடந்தால் பெரும்பாடு. அறுவைக்குப் பிறகு காரணம் தெரியாத காய்ச்சல் விட்டு விட்டு வந்தால், பக்கத்து மெடிக்கலில் மாத்திரை வாங்கிப் போட்டுக்கொண்டு உட்காராமல், "வயிற்றில் துணிக்குழாய் வைத்திருக்கிறது" என்று சொல்லி டாக்டரைப் பாருங்கள்.

சுத்தம் என்றால் ஆலையிலேயே தொடங்க வேண்டும். நூல் இழுக்கும்போது இழை வழுக்கிப் போக எண்ணெய் தடவுவார்கள், சேலைக்கும் அதேதான். சேலையில் கொஞ்சம் மிச்சம் இருந்தால் யாருக்கும் நஷ்டமில்லை. நான் வேலை பார்த்த இடத்தில் ஒருமுறை ஒரு தொகுதித் துணி வலு, கசிவு என எல்லாச் சோதனையிலும் தேறிவிட்டது. கடைசியில் ஒரு துண்டைக் கரைப்பானில் ஊறவைத்து, அந்தக் கரைப்பானை ஆவியாக்கினோம். கண்ணாடிக் கிண்ணத்தின் அடியில் மங்கலாக ஒரு வளையம் நின்றது. விரலால் தொட்டால் வழுவழுப்பு. கழுவும் தொட்டியின் சூடு ஓர் இரவு குறைந்துபோயிருந்தது, யாரும் பதிவேட்டில் எழுதவில்லை. மேலாளர், இன்னொரு தடவை கழுவி அனுப்பிவிடலாமே என்றார். இரண்டு நாள் சண்டை. கடைசியில் தொகுதி மொத்தமும் கழிவுக்குப் போனது. அந்த மாதம் என்னோடு யாரும் டீ குடிக்க வரவில்லை.

இதயத்துக்குள்ளும் இதே துணி பல வேஷத்தில் இருக்கிறது. செயற்கை வால்வு உலோகம். உலோகத்தில் ஊசி இறங்காது, சதையும் ஒட்டாது. அதனால் வால்வைச் சுற்றி ஒரு துணி வளையம் கட்டி, அந்தத் துணியைத்தான் இதயத்தோடு தைக்கிறார்கள். 1960-ல் வந்த ஸ்டார்-எட்வர்ட்ஸ் பந்து வால்வில் இருந்து, திருவனந்தபுரம் ஸ்ரீ சித்திரைத் திருநாள் நிலையத்தில் உருவாக்கி 1990 டிசம்பரில் முதல் நோயாளிக்கு வைத்த சித்ரா வால்வு வரை இதுதான் முறை. சித்ரா வால்வு இதுவரை ஒரு லட்சம் பேருக்கு மேல் வைக்கப்பட்டிருக்கிறது; நம் பக்கத்திலும் அது வைத்தவர்கள் இருப்பார்கள். நடுவில் ஒரு தப்புக்கணக்கும் போட்டார்கள். துணி இவ்வளவு நல்லதென்றால் வால்வின் கம்பிக்கூண்டு முழுவதையும் துணியால் போர்த்திவிடலாமே என்று 1960-களின் கடைசியில் செய்து பார்த்தார்கள். பந்து அடித்து அடித்துத் துணி தேய்ந்து நைந்தது, ரத்த அணுக்கள் உடைந்தன. கைவிட்டார்கள். அசையாத இடத்தில் மட்டும்தான் துணி வைக்க வேண்டும் என்பது அப்படித் தெரிந்தது.

குழந்தைகளுக்கு இதயத்தில் ஓட்டை என்று தொடை வழியாகவே அடைக்கிறார்களே, அந்தக் கருவி நிக்கல்-டைட்டானியம் கம்பியில் பின்னிய இரட்டைத் தட்டு. கம்பிவலை மட்டும் ரத்தத்தை நிறுத்தாது. உள்ளே தைத்திருக்கிற பாலியெஸ்டர் துணிதான் அடைக்கிறது. ஏறக்குறைய ஆறு மாதத்தில் அதன்மேல் சதை மூடிவிடும்.

உங்கள் அப்பாவுக்கும் இதேபோல் தொடை வழியாகச் செய்கிற முறை உண்டு. 1990-ல் புவெனஸ் அயர்ஸில் ஹுவான் பரோடி வயிற்று வீக்கத்துக்கு முதலில் செய்தது: உலோக வலையோடு தைத்த மெல்லிய துணிக்குழாயைச் சுருட்டி, தொடைத் தமனி வழியாக ஏற்றி, உள்ளே விரிய விடுவது. ஸ்டென்ட் கிராஃப்ட் என்பார்கள். வயிற்றைக் கிழிக்க வேண்டாம், சீக்கிரம் வீடு திரும்பலாம். ஆனால் அதில் குழாயைத் தைப்பதில்லை, விரிந்து அழுத்திப் பிடிப்பதுதான். ஓரத்தில் கசியலாம், நழுவலாம், ஆரம்பகாலக் கருவிகள் சிலவற்றில் கம்பி உரசித் துணியில் ஓட்டையே விழுந்தது. அதனால் ஆயுளுக்கும் ஸ்கேன் எடுத்துப் பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும். திறந்து செய்தால் முதல் இரண்டு மாதம் கஷ்டம், அப்புறம் தொல்லை குறைவு. வருஷா வருஷம் பாலக்கோட்டில் இருந்து பெங்களூர் போய் ஸ்கேன் எடுக்க வீட்டில் ஆள் இருக்கிறதா, அப்பாவின் சிறுநீரகம் ஸ்கேன் மருந்தைத் தாங்குமா, இதயம் பெரிய அறுவையைத் தாங்குமா என்று டாக்டரோடு உட்கார்ந்து பேசி முடிவெடுங்கள். தள்ளிப்போட மட்டும் வேண்டாம். ஆண்களுக்கு 5.5 செ.மீ. தாண்டினால் செய்துவிடுவது நல்லது என்பதே பொதுவான கணக்கு, அப்பா அதைத் தாண்டிவிட்டார். வெடித்துவிட்டால் பெங்களூர் வரை நேரம் இருக்காது.

எந்தக் குழாய், என்ன அளவு, எந்தத் தொகுதி எண் என்று ஓர் அட்டை கொடுப்பார்கள். ரேஷன் கார்டு வைக்கிற இடத்தில் பத்திரமாக வையுங்கள், ஒரு போட்டோவும் செல்போனில் எடுத்துக்கொள்ளுங்கள்.

அப்பா பீடி குடிப்பாரா என்று நீங்கள் எழுதவில்லை. குடித்தால் இன்றோடு நிறுத்தச் சொல்லுங்கள். இந்த வீக்கத்துக்குப் புகையைவிடப் பெரிய தூண்டுதல் கிடையாது. இது குடும்பத்தில் ஓடவும் செய்யும். சித்தப்பா பெரியப்பா இருந்தால் அவர்களை இப்போதே ஒரு வயிற்று ஸ்கேன் எடுத்துக்கொள்ளச் சொல்லுங்கள். உங்களுக்கும் அண்ணனுக்கும் ஐம்பது தாண்டியதும் மறக்காமல் எடுத்துப் பாருங்கள்.

"பிறகு அப்பா மல்பெரித் தழை வெட்டப் போகலாமா" என்று கடைசியில் கேட்டிருந்தீர்கள். திறந்து செய்தால் ஆறு முதல் எட்டு வாரம் பாரம் தூக்கக் கூடாது. அது குழாய்க்காக இல்லை, வயிற்றுத் தசையின் தையல் விட்டுக் குடலிறக்கம் வராமல் இருக்க. அதற்குப் பிறகு டாக்டர் சரி என்றால் தழை வெட்டலாம். கட்டைத் தலையில் தூக்கிவைக்கிற வேலையை மட்டும் நீங்கள் பார்த்துக்கொள்ளுங்கள்.